எலிக்குத் தலையா, சிங்கத்துக்கு வாலா? காலேஜ் ஃபுட்பால் கோச் ஆக எந்த வழி

எங்கள் எதிர் வீட்டுப் பையனுக்கு வயது இருபத்தாறு. ஓஹையோவில் ஒரு சின்னக் காலேஜில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் கிடையாது, ஆனால் எதிரணி வந்து நிற்கும் நிலையைப் பார்த்தே அடுத்து என்ன ஆடப்போகிறார்கள் என்று சொல்லிவிடுவான், டிவியில் மேட்ச் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி நேரம் எரிச்சல்தான் வரும். அப்புறம் இரண்டு வருஷம் வேறொரு பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட். இப்போது கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, தெற்கே லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் வைத்திருக்கும் பெரிய இடத்தில் அனலிஸ்ட். இன்னொன்று, பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு டிவிஷன் டூ காலேஜில் டிஃபென்சிவ் பேக்ஸ், அதாவது தடுப்பின் பின்வரிசை ஆட்டக்காரர்களுக்குக் கோச். சம்பளம் முதலாவதில் கூடுதல். பெயரும் முதலாவதில்தான். அவன் அப்பா பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை ஊன்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், நீ என்ன நினைக்கிறாய் என்று.

பதினைந்து வருஷமாக கொலம்பஸ் பக்கம் குடியிருந்து, இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் அத்தனையையும் இதற்கே தாரை வார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் காலங்காலமாகக் கேட்கிற கேள்விதான் இது. எலிக்குத் தலையா இருப்பதா, சிங்கத்துக்கு வாலா இருப்பதா? வாசலில் நின்று சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இந்த உலகத்தின் படிக்கட்டைச் சொல்லிவிட வேண்டும், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். மேல் தளம் எஃப்.பி.எஸ்., 130-க்கும் மேற்பட்ட அணிகள், டிவியில் வருவதெல்லாம் இதுதான். அதற்குக் கீழே எஃப்.சி.எஸ்., அதற்கும் கீழே டிவிஷன் டூ, டிவிஷன் த்ரீ. த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இதெல்லாம் காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் கணக்கு, இதற்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்று சின்னக் காலேஜ்களின் சங்கம் ஒன்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு அணிக்குள்ளும் இன்னொரு படிக்கட்டு. உச்சியில் ஹெட் கோச். அடுத்து தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஆளுக்கொரு கோஆர்டினேட்டர். அடுத்து பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், முன்வரிசையில் மோதும் லைன், வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர் என்று பிரித்துப் பார்த்துக்கொள்கிற பொசிஷன் கோச்கள். அதற்குக் கீழே அனலிஸ்ட். எல்லாருக்கும் கீழே, எல்லாருடைய வேலையையும் செய்துகொண்டு, ஜி.ஏ. என்கிற கிராஜுவேட் அசிஸ்டன்ட்.

இந்த ஜி.ஏ. வேலையைக் கிட்டே போய்ப் பார்க்காதவர்களுக்கு அதன் அருமை தெரியாது. மேற்படிப்புக்குப் பெயர் பதிந்திருப்பான், ஃபீஸ் கட்ட வேண்டாம், கையில் சொற்ப உதவித்தொகை. வேலை என்ன? எதிரணியின் பழைய மேட்ச் வீடியோக்களை ஒவ்வொரு பிளேயாக, அதாவது ஒவ்வொரு ஆட்ட நகர்வாக வெட்டி, எந்த டவுன் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கிற நாலு வாய்ப்பில் எத்தனையாவது), எத்தனை கஜம், ஆட்கள் நிற்பது எந்த ஃபார்மேஷன் என்று அட்டவணை போட வேண்டும். அதை வைத்து, எதிரணியின் பிளேயை மார்க்கரால் பெரிய அட்டையில் வரைய வேண்டும், வட்டம் வட்டமாக, அம்புக்குறி போட்டு. மறுநாள் பயிற்சியில் அந்த அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். மேட்ச் ஆடாத பையன்கள் அதைப் பார்த்து எதிரணி மாதிரியே ஓடிக் காட்டுவார்கள். அம்பு ஒன்று தப்பாகப் போயிருந்தால் கோஆர்டினேட்டர் கத்துவது பையனைப் பார்த்து அல்ல, அட்டை பிடித்தவனைப் பார்த்துத்தான். எதிர் வீட்டுப் பையன் இரண்டு வருஷம் அட்டை வரைந்திருக்கிறான், இப்போது அவன் மளிகைச் சீட்டு எழுதினால்கூட அதில் அம்புக்குறி இருக்கிறது.

பெரிய பெயர்களில் பல இந்த அட்டையில் தொடங்கியவைதான். அலபாமாவின் புகழ்பெற்ற முன்னாள் ஹெட் கோச் நிக் சேபன் 1973-இல் கென்ட் ஸ்டேட்டில் ஜி.ஏ. ஆனது கோச் ஆகும் லட்சியத்தில் இல்லை, மனைவிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது, அதுவரை சும்மா இருப்பானேன் என்றுதான். ஏழு தேசிய சாம்பியன்ஷிப்களின் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

சரி, சிங்கத்தின் வால் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு ஜார்ஜியா பல்கலைக்கழக ஹெட் கோச் கர்பி ஸ்மார்ட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. சேபனிடம் எல்.எஸ்.யூ.வில் ஒரு வருஷம், மயாமி டால்ஃபின்ஸ் என்கிற தொழில்முறை அணியில் ஒரு வருஷம், அப்புறம் அலபாமாவில் 2007 முதல் 2015 வரை ஒன்பது வருஷம். இதில் கடைசி எட்டு வருஷம் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். சின்ன இடத்தில் ஹெட் கோச்சாகப் போய்ப் பழகவே இல்லை. தான் ஆடிய சொந்தப் பல்கலைக்கழகமான ஜார்ஜியாவில் நாற்காலி காலியானதும் நாற்பது வயதை எட்டும் சமயத்தில் நேராகப் போய் உட்கார்ந்தார். 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம். பொறுமையாகக் காத்திருந்து பெரிய கதவு ஒன்றை மட்டும் தட்டும் வழி இது.

ஆனால் இந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. அலபாமாவுக்கு முன்னால் ஸ்மார்ட் எங்கே இருந்தார்? ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் வால்டோஸ்டா ஸ்டேட் என்கிற டிவிஷன் டூ காலேஜில், 2000-இல் டிஃபென்சிவ் பேக்ஸ் கோச், அடுத்த வருஷமே கோஆர்டினேட்டர். இருபத்தைந்து வயதில் தடுப்பு முழுக்க அவர் பொறுப்பு. அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. அந்தப் பதவியை விட்டுவிட்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஹெட் கோச் பாபி பௌடனிடம் ஜி.ஏ.வாகச் சேர்ந்தார். அதாவது மறுபடி அட்டை. ஒரேகனின் டேன் லானிங்கும் இதையேதான் செய்தார். மிசௌரியில் பள்ளிக்கூட கோச்சாக இருந்தவர், 2011-இல் பிட்ஸ்பர்க் வரை ராவோடு ராவாகக் காரோட்டிப் போய் வேலை கேட்டு வாங்கினார். பிற்பாடு சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் ஒழுங்கான கோச் வேலை கிடைத்த பிறகும், அதை விட்டுவிட்டு 2015-இல் அலபாமாவில் ஜி.ஏ. ஆனார். ஏழு வருஷத்தில் ஒரேகனுக்கு ஹெட் கோச். சின்ன இடத்தில் கொஞ்சம் தலையாக இருந்து பார்த்துவிட்டு, பதவி குறைந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தே வாலாகப் போனவர்கள் இவர்கள். எதிர் வீட்டுப் பையன் இதைக் கவனிக்க வேண்டும். கையில் எதுவும் இல்லாமல் பெரிய இடத்துக்குப் போவதும், ஒரு தடுப்பை நடத்திப் பார்த்த கையோடு போவதும் ஒன்றில்லை.

பெரிய இடத்து அனலிஸ்ட் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் வரை அனலிஸ்ட் களத்தில் பையன்களுக்குச் சொல்லித்தரவே கூடாது என்று விதி இருந்தது. அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்து அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். இப்போது அந்த விதி போய்விட்டது. இப்போதைய அனலிஸ்ட் வாய் திறக்கலாம், விசில் ஊதலாம். ஆனால் அந்த அறையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அலபாமாவில் சேபன் காலத்து அனலிஸ்ட் மேசைகளில் உட்கார்ந்திருந்தது பெரும்புள்ளிகள். யு.எஸ்.சி.யில் வேலை போன ஸ்டீவ் சார்கீசியன் 2016-இல் அங்கே அனலிஸ்ட், இன்று டெக்சஸின் ஹெட் கோச். டென்னசியில் வேலை போன புட்ச் ஜோன்ஸும் அங்கே அனலிஸ்டாக இருந்துவிட்டுத்தான் ஆர்கன்சா ஸ்டேட் போனார். ஜோன்ஸுக்குப் பழைய முதலாளி கொடுத்துக்கொண்டிருந்த நஷ்டஈடு இருந்தது, இரண்டு பேருக்கும் பேர் ஊர் ஏற்கெனவே உண்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்து தேறி வர ஒரு மடம் தேவைப்பட்டது. இருபத்தாறு வயதுப் பையன் அதே மேசையில் உட்கார்ந்தால் அவன் பெயரைச் சொல்லிப் போன் பண்ண யார் இருக்கிறார்கள்? ஹெட் கோச்சுக்கு அவன் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இப்போது எலியின் தலை. இதில் எனக்குப் பிடித்த கதை கர்ட் சிக்னெட்டியுடையது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சிக்னெட்டி 2007 முதல் 2010 வரை அலபாமாவில் சேபனின் ரிசீவர்ஸ் கோச், புதுப் பையன்களைத் தேடிப் பிடிக்கிற ரெக்ரூட்டிங் பொறுப்பும் அவரிடம். 2009-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர், பிற்பாடு தொழில்முறை ஆட்டத்தில் நட்சத்திரமான ஜூலியோ ஜோன்ஸுக்கு கோச். வயது 49. ஆனால் கோஆர்டினேட்டர் கூட இல்லை, ஹெட் கோச் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த வயதில் சிங்கத்தின் வாலாகவே ஓய்வு பெறுவதா என்று யோசித்த மனுஷன், 2011-இல் சம்பளத்தை வெட்டிக்கொண்டு இண்டியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா என்கிற டிவிஷன் டூ காலேஜுக்கு ஹெட் கோச்சாகப் போனார். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பென்சில்வேனியாவில் இண்டியானா என்றொரு சின்ன ஊர், அங்கே இருக்கும் காலேஜ். அவர் அப்பா ஃப்ராங்க் சிக்னெட்டி இருபது சீசன் ஹெட் கோச்சாக இருந்த இடம். ஆறு சீசன் அங்கே. அப்புறம் எலான் என்கிற எஃப்.சி.எஸ். பல்கலைக்கழகத்தில் இரண்டு. அப்புறம் ஜேம்ஸ் மேடிசனில் ஐந்து, அதுவும் அந்த அணி எஃப்.சி.எஸ்.ஸிலிருந்து எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஏறும்போது தள்ளாடாமல் கூட்டிப்போனது அவர்தான். எங்கே போனாலும் தோல்வியைவிட வெற்றிதான் அதிகம். 2023 நவம்பர் கடைசியில், 62 வயதில், நிஜமான இண்டியானா பல்கலைக்கழகம் கூப்பிட்டது. அது அந்தச் சீசனில் மூன்றே மேட்ச் ஜெயித்து ஒன்பது தோற்ற அணி. வரலாற்றில் அதிக மேட்ச் தோற்ற பெரிய பல்கலைக்கழகம் எது என்று கேட்டால் அப்போதைய பதில் இதுதான். வருகிற பையன்களிடம் என்ன சொல்லி இழுப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், கூகுள் பண்ணிப் பாருங்கள் என்றார். திமிர்தான். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பத்துப் பேருக்கு மேல் ஆட்டக்காரர்களைக் கூடவே கூட்டிவந்தார். முதல் சீசனில் 11 வெற்றி, 2 தோல்வி. இரண்டாவது சீசனில் தோல்வியே இல்லாமல் 16 மேட்ச் ஜெயித்து, 2026 ஜனவரியில் தேசியப் பட்டம்.

அந்தக் கடைசி மேட்சில் ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரே மயாமி, 17-14 என்று இண்டியானா மூன்றே புள்ளி முன்னால், கடைசிக் கால்பகுதி. நாலாவது டவுன், இன்னும் நாலு கஜம் வேண்டும், கோல் கோட்டுக்கு 12 கஜம். முதலில் ஃபீல்டு கோல் அடிக்க உதைப்பவனை அனுப்பினார் சிக்னெட்டி. மூன்று புள்ளி கைமேல் வரும், யார் வேண்டுமானாலும் அதைத்தான் செய்வார்கள். சட்டென்று டைம் அவுட் கேட்டார். உதைப்பவன் வெளியே, குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா உள்ளே, பந்தை எடுத்துக்கொண்டு நீயே ஓடு என்று பிளே. மெண்டோசா நாலு பேரை மோதிக்கொண்டு போய்க் கோட்டின் மேல் விழுந்தான். 24-14. கடைசியில் ஜெயித்தது 27-21. முடிவெடுத்து, அதை மாற்றி, மாற்றியதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். இப்படி முடிவெடுக்கிற பயிற்சி அனலிஸ்ட் மேசையில் கிடைக்காது, கோஆர்டினேட்டர் நாற்காலியிலும் முழுசாகக் கிடைக்காது. டிவிஷன் டூவில் மூவாயிரம் பேர் பார்க்கிற மைதானத்தில் நாலாவது டவுனைத் தப்பாக முடிவு பண்ணி, வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரண்டு படுத்துத்தான் அது வரும் என்பது என் கட்சி.

என் கட்சிக்கு எதிராக என்ன சொல்லலாம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சிக்னெட்டிக்குப் பின்னால், சின்னக் காலேஜிலேயே இருந்து சின்னக் காலேஜிலேயே ஓய்வு பெற்ற நூறு பேர் இருப்பார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஜெயித்தால் மட்டும் கதவு திறந்துவிடும் என்பதும் இல்லை. கேலன் டிபோயரைப் பாருங்கள். என்.ஏ.ஐ.ஏ.யில் சூ ஃபால்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து சீசன் ஹெட் கோச், 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று பட்டம். மூன்றே தோல்வி! அதற்கு மேல் என்ன செய்ய முடியும் ஒரு மனுஷன்? ஆனால் அவரையும் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் ஹெட் கோச்சாகக் கூப்பிடவில்லை. 2010-இல் தலையை விட்டு வாலாகி, சதர்ன் இல்லினாயில் கோஆர்டினேட்டராகப் போய், அங்கிருந்து ஈஸ்டர்ன் மிஷிகன், ஃப்ரெஸ்னோ, இண்டியானா என்று பத்து வருஷம் கோஆர்டினேட்டராகவே சுற்றிய பிறகுதான் 2020-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் ஹெட் கோச். அதற்கப்புறம் எல்லாம் வேகம்: வாஷிங்டனில் இரண்டு சீசன், 2024 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டி, அதே மாதம் சேபன் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலி. லான்ஸ் லைபோல்டுக்கு மட்டும் நடுவில் இந்தச் சுற்று இல்லை. விஸ்கான்சின்-வைட்வாட்டரில் டிவிஷன் த்ரீயில் எட்டு சீசனில் 109 வெற்றி, 6 தோல்வி, ஆறு பட்டம் என்று கொட்டிவிட்டு நேராக பஃபலோவுக்குப் போனார், அங்கிருந்து கேன்சஸ். கவனியுங்கள், கதவு நேரடியாகத் திறக்க ஆறு பட்டம் தேவைப்பட்டது.

இன்னொன்று. இந்த வழியில் முதல் பத்து வருஷம் காசு இருக்காது. சிக்னெட்டிக்கு அப்பா கோச். பிரபல கோச் லேன் கிஃபினுக்கு அப்பா கோச். இன்னொரு பிரபல கோச் ஜிம் ஹார்பாவுக்கும் அப்பா கோச். பெயரைச் சொன்னால் போனை எடுக்கிற ஆள் வீட்டிலேயே இருந்தால் எலிக்குத் தலையாக இருந்து பார்க்கத் தைரியம் வரும். களத்தில் ஓடுகிற பையன்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர், ஹெட் கோச் நாற்காலியில் எத்தனை பேர் என்று ஒரு சனிக்கிழமை டிவியில் எண்ணிப் பார்த்தாலே இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்பது புரியும். தேசிய இறுதிப் போட்டிக்கு ஒரு கறுப்பின ஹெட் கோச் முதன்முதலாக அணியைக் கூட்டிவந்தது 2025 ஜனவரியில்தான், நோட்ரடேமின் மார்கஸ் ஃப்ரீமன்.

ஹெட் கோச்சே வேண்டாம் என்றும் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் மரியாதையாகப் பேசுவதில்லை. பட் ஃபாஸ்டர் என்று ஒருவர், வர்ஜீனியா டெக்கில் 1995 முதல் 2019 வரை டிஃபென்ஸுக்குப் பொறுப்பு. அங்கே ஹெட் கோச்சாக இருந்த ஃப்ராங்க் பீமருடன் முர்ரே ஸ்டேட் காலத்திலிருந்தே கூட இருந்தவர். 2006-இல் நாட்டின் சிறந்த அசிஸ்டன்ட் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். கடைசிவரை ஹெட் கோச் ஆகவில்லை. ஒரே ஊர். நன்கொடையாளர்களோடு விருந்து சாப்பிட வேண்டாம், தோற்றால் மைக் முன்னால் நிற்க வேண்டாம். இப்போதெல்லாம் நல்ல கோஆர்டினேட்டருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேலும் தருகிறார்கள். ப்ரென்ட் வெனபிள்ஸ் கிளெம்சனில் பத்து சீசன் அப்படித்தான் இருந்தார், 2021 டிசம்பரில்தான் ஓக்லஹோமாவுக்கு ஹெட் கோச்சாகப் போனார். சிப் கெல்லி இன்னும் ஒரு படி மேலே. 2024-இல் யு.சி.எல்.ஏ. ஹெட் கோச் வேலையை ராஜினாமா பண்ணிவிட்டு எங்கள் ஊர் ஓஹையோ ஸ்டேட்டுக்குக் கோஆர்டினேட்டராக வந்தார், அந்தச் சீசனிலேயே பட்டம். தலையாக இருந்து அலுத்துப்போய், எனக்குப் பிளே போடத்தான் பிடிக்கும் என்று வாலாக வந்த மனுஷன். எங்கள் தெருவில் அவரைப் பைத்தியம் என்றவர்கள் ஜனவரியில் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த வழியின் குறை, உன் தலையெழுத்து வேறொருவன் கையில். ஹெட் கோச்சை நீக்கினால் புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். கீழே இருப்பவர்களுக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்குத்தான் இருக்கும். ஹெட் கோச்சுக்கு மட்டும் நீக்கினாலும் லாட்டரி. ஜிம்போ ஃபிஷரை 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் நீக்கியபோது கொடுக்க ஒப்புக்கொண்டது 7.5 கோடி டாலருக்கும் மேல். ஸ்காட் ஃப்ராஸ்ட் கதை இன்னும் தமாஷ். 2022 செப்டம்பரில் அவரை நீக்கிய நெப்ராஸ்கா, அக்டோபர் 1 வரை மூன்று வாரம் பொறுத்திருந்தால் 1.5 கோடி டாலர் பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்கவில்லை. இந்த மாதிரி அணியில் இருக்கிற ஒரு பொசிஷன் கோச்சுக்கு இப்படி ஒரு தொகை கனவிலும் வராது, அவர் அடுத்த வாரமே வாட்ஸப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்ப வேண்டியதுதான்.

ஃப்ராஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பையனுக்கு இது இருபது வருஷம் கழித்து வரப்போகிற கேள்வி. நடுத்தர இடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பெரிய இடம் கூப்பிட்டால் போகலாமா? ஃப்ராஸ்ட் 2017-இல் யு.சி.எஃப்.பில், அதாவது சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில், 13 வெற்றி, தோல்வியே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத அணி அது. பிறந்த மாநிலம், தான் ஆடிய அணி நெப்ராஸ்கா கூப்பிட்டதும் போனார். 16 வெற்றி, 31 தோல்வி. 2024 டிசம்பரில் பழையபடி யு.சி.எஃப்.புக்கே திரும்பினார். மறுபக்கம் கிறிஸ் பீட்டர்சன், பாய்சி ஸ்டேட்டில் எட்டு சீசன், 92 வெற்றி, 12 தோல்வி. வருஷா வருஷம் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், 2013 முடியும்வரை அசையவில்லை. அப்புறம் வாஷிங்டன் போய் அங்கேயும் நன்றாகத்தான் செய்தார், 2019 முடிவில் போதும் என்று தானே எழுந்து போய்விட்டார். ஐயோவாவில் கர்க் ஃபெரன்ட்ஸ் 1999-இலிருந்து அதே நாற்காலி. ரசிகர்கள் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவரும் இருந்துகொண்டே இருக்கிறார்.

என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக் பக்கம் போவதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. காலேஜில் ராஜாவாக இருந்துவிட்டு அங்கே போனவர்களில் சேபன் 15 வெற்றி 17 தோல்வி, மாட் ரூல் 11-27, அர்பன் மேயர் 2-11 என்று ஒரு சீசன்கூட முடிக்காமல் வெளியே. பீட் கேரலும் ஹார்பாவும் விதிவிலக்கு. காலேஜில் நல்ல பையன்களை நீ தேடிப் பிடிக்கலாம், அங்கே புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற டிராஃப்ட் விதியும் சம்பள உச்சவரம்பும் எல்லாருக்கும் ஒன்றுதான், உன்னைவிட அதிகம் சம்பாதிக்கும் முப்பது வயது ஆளிடம் பதினெட்டு வயதுப் பையனிடம் கத்துவது மாதிரி கத்தவும் முடியாது. ஆனால் இப்போது எதிர்ப்பக்கமாகவும் ஒரு காற்று அடிக்கிறது. பாஸ்டன் காலேஜின் ஹெட் கோச் ஜெஃப் ஹாஃப்லி 2024 ஜனவரியில் அதை விட்டுவிட்டு க்ரீன் பே பேக்கர்ஸுக்கு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராகப் போனார். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம், காலேஜ் மாற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் யார் எப்போது கிளம்புவார்கள் என்றே தெரியாது. ஹெட் கோச் வேலையில் ஃபுட்பால் கொஞ்சம், வசூலும் பேரமும் மிச்சம் என்று ஆகிவிட்டது.

இந்தப் போர்ட்டலால் பையனுடைய கணக்கும் மாறுகிறது. முன்பெல்லாம் சின்ன இடத்தில் நல்ல ஆட்டக்காரனை உருவாக்கினால் நாலு வருஷம் உன்னிடம் இருப்பான். இப்போது ஒரு நல்ல சீசன் ஆடினால் அடுத்த வருஷம் பெரிய இடம் தூக்கிக்கொண்டு போய்விடும். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவன் போகிற இடத்தில், உனக்கு யார் சொல்லித்தந்தது என்று ஒருவர் கேட்பார். சிக்னெட்டியோடு ஆட்டக்காரர்களே கூட வந்த மாதிரி, ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலேயே கோச் போகிற காலமும் இது. டிவிஷன் டூவில் கார்னர்பேக் என்கிற ஓரத்துத் தடுப்பாளர்கள் இரண்டு பேரைத் தேற்றிவிட்டவனுக்கு, பெரிய இடத்து அறையில் வீடியோ வெட்டியவனைவிடக் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

வீட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்கக் கூடாது. டிபோயர் குடும்பம் சூ ஃபால்ஸிலிருந்து கார்பண்டேல், அங்கிருந்து இப்சிலாண்டி, ஃப்ரெஸ்னோ, ப்ளூமிங்டன், மறுபடி ஃப்ரெஸ்னோ, சியாட்டில், டஸ்கலூசா. பதினைந்து வருஷத்துக்குள் ஏழு தடவை பெட்டி கட்டியிருக்கிறார்கள். இந்தப் பையன் போன வருஷம்தான் நிச்சயம் பண்ணிக்கொண்டான், பெண் நர்ஸ். நர்ஸ் வேலை எந்த ஊரிலும் கிடைக்கும் என்று அவன் அப்பா சொன்னார். எனக்கென்னவோ அதை அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

கடைசியில் நான் சொன்னது இதுதான். இருபத்தாறில் டிவிஷன் டூவுக்குப் போ. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே பொசிஷன் கோச்சாகவே இருந்துவிடாதே. அதற்குள் தடுப்பு முழுக்க உன் கைக்கு வந்தால் இன்னும் ஒரு வருஷம் இரு, வராவிட்டால் ஸ்மார்ட் மாதிரி, லானிங் மாதிரி, பதவி குறைந்தாலும் நல்ல அறை ஒன்றைப் பார்த்துப் போ, அப்போது போகிறவன் வேறு ஆளாக இருப்பாய். பெரிய இடத்து வேலையை ஒரேயொரு நிலைமையில் முதலில் எடுக்கலாம். அந்தக் கோஆர்டினேட்டர் உன் பெயர் தெரிந்து, உன் வேலையைப் பார்த்து, தானே கூப்பிட்டிருக்க வேண்டும். மனிதவளத் துறையிலிருந்து மெயில் வந்தது என்றால் விட்டுவிடு.

பையன் சிரித்துவிட்டு, மெயில்தான் வந்தது என்றான். அப்புறம் போனை எடுத்து டிவிஷன் டூ காலேஜின் மைதானப் படத்தைக் காட்டினான். ஒரு பக்கம் மட்டும் கேலரி, மறுபக்கம் மலைச்சரிவு, ஸ்கோர்போர்டில் இரண்டு பல்பு எரியவில்லை. பயிற்சிக்கு முன்னால் கோடு போடுகிற வண்டியையும் டிஃபென்சிவ் பேக்ஸ் கோச்தான் தள்ள வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான்.